என் அக்காளின் வயது

பதுளைப் பட்டணத்துப் பெண்களுக்கு என்னைக் கண்டால் ஒரு கேள்வி உண்டு. ஆஸ்பத்திரியில் தாதி வேலை பார்த்து, அதை விட்டும் வந்துவிட்ட இந்தக் காலத்திலும் அது ஓயவில்லை. கடைத்தெருவில் துணி எடுக்கப் போனால் கடைக்காரர் வீட்டு அம்மா உள்ளே கூப்பிட்டு உட்கார வைப்பார். என் கன்னத்தைப் பார்ப்பார், தலைமுடியைப் பார்ப்பார், பிறகு குரலைத் தாழ்த்திக்கொள்வார். என்ன லேகியம் சாப்பிடுறீங்க? தலைக்கு என்ன எண்ணெய்? நாட்டு வைத்தியர் யாராவது தனியாகக் காய்ச்சித் தருகிறாரா?

பசித்தால் சாப்பிடுகிறேன், தூக்கம் வந்தால் தூங்குகிறேன், வாயில் புகையிலை அடக்குவதில்லை என்று சொல்வேன். அந்த அம்மாவின் முகம் விழுந்துவிடும். ரகசியத்தை மறைக்கிறேன் என்று நினைத்துக்கொள்வார். போத்தலில் அடைத்து மூடி போட்டுக் கொடுக்க முடியாத எதையும் இந்த ஊர் மருந்தென்று ஒத்துக்கொள்ளாது. புருஷன் இல்லாததால்தான் இவள் இப்படி இருக்கிறாள் என்று என் முதுகுக்குப் பின்னால் பேசுகிறவர்களும் உண்டு. அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. மற்றவர்களைவிட அவர்கள் உண்மைக்குக் கொஞ்சம் பக்கத்தில் வந்திருக்கிறார்கள்.

தேயிலைத் தோட்டத்துக் காரணங்கள் வேறு மாதிரி. அங்கே முப்பது வயதில் ஒருத்தி கிழவியாகிவிட்டால் தலையெழுத்து என்பார்கள். மலைக் குளிர் என்பார்கள். அட்டைக்கடி என்பார்கள். அவள் உடம்பு வாகே அப்படி, அவள் ஆத்தாளும் அப்படித்தான் என்று சொல்லிவிட்டு வெற்றிலையைத் துப்புவார்கள். இந்தப் பேச்சை யாராவது என் முன்னால் எடுத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஏனென்றால் எனக்கு ஒரு அக்காள் இருந்தாள். அவளும் நானும் ஒரே ஆத்தாள் வயிற்றில் பிறந்தவர்கள். அவள் எனக்கு இரண்டே வயது மூத்தவள்.

எங்கள் அப்பனும் ஆத்தாளும் ஸ்பிரிங்வெளிக்குப் போகிற வழியில் இருந்த ஒரு தோட்டத்தில் வேலை செய்தார்கள். ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து, ஒருவர் பின் ஒருவராகப் போய்விட்டார்கள். பட்டணத்து மிஷன் பள்ளிக்கூடத்து வெள்ளைக்கார அம்மாமார் அநாதைப் பிள்ளைகளைத் தேடி வந்தார்கள். நான் சின்னவள், கூடை சுமக்கும் உயரம் இல்லை, அதனால் கங்காணி என்னைத் தாராளமாகக் கொடுத்துவிட்டான். அக்காளின் தலை கூடைக்குமேல் தெரிந்தது. அவளை அவன் விடவில்லை. இப்படித்தான் ஒருத்தி எழுத்துப் படிக்கவும் மற்றவள் கொழுந்து பறிக்கவும் போனோம். இதில் தலையெழுத்து எங்கே வந்தது, கங்காணியின் கணக்கல்லவா என்று நான் கேட்டால், படித்த திமிர் என்று சொல்வார்கள்.

ஆனால் கொழுந்து பறிப்பதுதான் அவளைக் கிழவி ஆக்கியது என்று சொல்லவும் நான் வரவில்லை. அதை நம்புவது சுலபம், நானும் வெகுநாள் அப்படித்தான் நம்பினேன். மலையில் மழை எல்லார் தலையிலும்தான் பெய்கிறது. அவளைத் தின்றது மலை இல்லை, காம்பரா.

லயம் என்கிற வரிசை வீட்டில் ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா. உள்ளே அடுப்பு, வெளியே திண்ணைபோல ஒரு சிறு இஸ்தோப்பு, அவ்வளவுதான் வீடு. அந்த ஒற்றை அறையில் அக்காளின் புருஷன் ஒரு ராஜாங்கம் நடத்தினான். அவன் சில்லறைக் கங்காணி. பத்துப் பதினைந்து பேரை வேலை வாங்கும் உத்தியோகம், அதற்கு ஒரு கறுப்புக் கோட்டு, ஒரு குடை. மலையில் மற்றவர்கள் குனிந்து நிற்க, இவன் குடையோடு நிமிர்ந்து நிற்பான். அந்த வேலைக்கு உடம்பில் என்ன தேய்ந்துவிடும்? ஆனாலும் உடம்பைப் பற்றி அவனைப்போலக் கவலைப்பட்ட மனிதனை நான் ஆஸ்பத்திரியிலும் கண்டதில்லை.

குளிர் பட்டால் ஆம்பளைக்கு வீரியம் குறைந்துவிடும் என்று அடுப்போரம் அவன் படுத்தான். கதவோரம் காற்று வரும் இடத்தில் அக்காளும் பிள்ளைகளும் படுத்தார்கள். சனிக்கிழமை எண்ணெய் முழுக்கு. அவள் விறகு சுமந்து வந்து வெந்நீர் போட்டு, முதுகு தேய்த்து விடவேண்டும். வாரத்தில் கோழி முட்டை இருந்தால் அது அவனுக்கு, சாராயத்தில் கலக்கிக் குடிப்பான். பட்டணத்துக் கடைவீதியில் ஒருவன் கம்பளம் விரித்து உட்கார்ந்து இளமை லேகியம் என்று விற்பான். அந்தக் களிம்பை வாங்கிவந்து பரணில் ஒளித்துவைத்து நக்குவான். நரைத்த மீசைக்கு விளக்குக் கரியை ஆமணக்கெண்ணெயில் குழைத்துத் தடவுவான். மழையில் நனைந்தால் மீசை ஒழுகி மேல்சட்டையில் கோடு விழும். அப்படி ஒழுகுகிற இளமையைப் பார்த்துத் தோட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் ஆச்சரியம். கண்ணுக்குக் கீழே பை தொங்கும், காலையில் கை நடுங்கும், நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். அவன் தன்னை இளவட்டம் என்றே நம்பினான்.

அக்காள் அதிகாலையில் ஆட்களை எழுப்பும் தப்புச் சத்தம் கேட்பதற்கு முன்பே எழுந்து, மலையூற்றிலிருந்து விழும் பீலித் தண்ணீருக்குப் போவாள். தண்ணீர், காப்பித் தண்ணி, பிள்ளைகள், பிறகு ஆள் எண்ணும் பெரட்டு, பிறகு நாள் முழுக்க மலை. திரும்பும்போது தலையில் விறகு. வந்து சோறாக்கி, அவன் தின்று, பிள்ளைகள் தின்று, பானையில் ஒட்டியது அவளுக்கு. ஒட்டாத நாளில் வெற்றிலையும் புகையிலையும். பசியை அடக்க அதைவிடக் கைகண்ட மருந்து இல்லை என்பாள். அந்த மருந்து பல்லையும் சேர்த்து அடக்கிக்கொண்டு போனது. ஐந்து பெற்றாள், மூன்று நின்றது. ஒவ்வொரு பேறுக்குப் பிறகும் நான் லீவு கேட்டு ஓடிப்போய்ப் பார்ப்பேன். பிள்ளை பெற்ற உடம்பு ஆறுமுன் அவள் பீலிக்கரையில் நிற்பாள்.

சண்டை போடுவேன். அவளோ அதில் பெருமைப்படுவாள்! இதைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை. லயத்துப் பெண்கள் நாலு பேர் கூடினால் யார் குறைவாகத் தூங்கினாள், யார் ரெண்டு நாள் சோறில்லாமல் வேலை செய்தாள் என்று போட்டி போடுவார்கள். ஜெயித்தவளுக்கு மெடல் கொடுக்கிற துரை யாரும் இல்லை, ஆனாலும் போட்டி நடக்கும். எங்கள் அக்காள் அதில் எப்போதும் முதல்.

"எனக்கென்ன புள்ள, ஒரு வா தண்ணி குடிச்சா பொழுது போயிரும்" என்பாள், பல் இல்லாத வாயைத் திறந்து சிரித்துக்கொண்டு.

மாமன், அதுதான் அக்காளின் புருஷன், என்னை வைத்து அவளைக் குத்துவான். "ஒன் தங்கச்சியப் பாரு, எப்பிடி இருக்கா. நீயும் இருக்கியே, கருவாடு கணக்கா."

"என்னய ஒங்க வீட்டுக்குக் கட்டிக் குடுக்கல மாமா, அதான்" என்று ஒருமுறை சொன்னேன். பட்டணத்தம்மாவுக்கு வாய் நீளம் என்று சொல்லி அவன் சிரித்தான். அவனுக்கு எதுவும் தைக்காது.

இப்படிப்பட்டவனுக்கு ஒருநாள் இரண்டாம் கல்யாண ஆசை வந்தது. காரணம் கேட்டால், மூத்தவள் கிழவியாகிவிட்டாளாம். அவளைவிடப் பத்து வயது மூத்தவன் சொல்கிறான். தெமோதரைப் பக்கத்துத் தோட்டத்தில் வயசுக்கு வந்து இரண்டு மூன்று வருஷமான ஒரு பெண் இருப்பதாகத் தரகன் சொல்லியிருந்தான். எங்கள் தோட்டத்தில் இதற்கு ஒரு வழக்கம். மூத்தவள் சம்மதித்து, தன் கையாலேயே தாம்பாளத் தட்டைக் கொண்டுபோய், "என் தங்கச்சியா அனுப்பி வைங்க" என்று பெண் கேட்கவேண்டும். அப்படிக் கேட்டால்தான் லயத்துப் பஞ்சாயத்து ஒத்துக்கொள்ளும். மாப்பிள்ளை அந்தப் பயணத்தில் போகக்கூடாது. யாரோ ஒரு மகானுபாவன் ஏற்படுத்திய வழக்கம். புருஷன் தலையில் பூ வைக்க, பெண்டாட்டி தன் தலையில் தட்டை வைக்கவேண்டும்.

செய்தி கேட்டு நான் ஓடினேன். அக்காள் அரிசியைப் புடைத்துக்கொண்டிருந்தாள்.

"நீ மாட்டேன்னு சொல்லு. நீ தட்டு எடுக்கலன்னா பஞ்சாயத்து என்ன செய்யும்?"

"சொன்னேன் புள்ள. அப்பிடின்னா புள்ளைகளோட என்னய அக்கரையில இருக்குற ஊருக்குக் கப்பல் ஏத்திருவேன்னு சொல்லிட்டாரு. ஊருல யாரு இருக்கா நமக்கு? அந்தப் புள்ள வந்தா நானும் புள்ளைகளும் இஸ்தோப்புல படுத்துக்கணுமாம். இஸ்தோப்புன்னா தலைக்கு மேல தகரமாவது இருக்கும்ல."

இஸ்தோப்புக்குச் சுவர் இல்லை, மழைச் சாரல் நேராக உள்ளே அடிக்கும். கதவோரக் காற்றே அவளை இந்தக் கோலம் ஆக்கியிருந்தது; இஸ்தோப்பில் இரண்டு மழைக்காலம் தாங்கமாட்டாள் என்று எனக்குத் தெரியும். கடைசிக் குழந்தைக்கு அப்போதே நெஞ்சில் சளி. அக்காள் இதைக் கணக்குப் பார்க்கவில்லை. தனக்கு வயதாகிவிட்டது என்று அவன் சொன்னதை அவளே நம்பிவிட்டாள். வயதானவளுக்கு ஓர் ஓரம் போதும் என்று அவளே சொன்னாள்.

தட்டோடு நானும் வருகிறேன் என்றேன். போவது தடுக்கத்தான். எப்படித் தடுப்பது என்று மட்டும் தெரியவில்லை. மாமனுக்குச் சந்தோஷம், பட்டணத்து உத்தியோகக்காரி கூடப் போனால் தன் கௌரவம் கூடும் என்று கணக்குப் போட்டான்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் புறப்பட்டோம். வெற்றிலை, பாக்கு, தேங்காய், மஞ்சள், ஒரு சேலை. எல்லாவற்றையும் தட்டில் வைத்துத் துணியால் முடிந்து அக்காள் தலையில் வைத்துக்கொண்டாள். என்னிடம் கொடு என்றால் கொடுக்கவில்லை. மேட்டில் நின்று நின்று ஏறினாள், இறக்கத்தில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். வழியில் எதிர்ப்பட்ட மாட்டு வண்டிக்காரன், "ஆத்தாவ வண்டியில ஏத்திவிடும்மா, பாவம்" என்று என்னிடம் சொன்னான். அவள் காதில் அது விழவில்லை, அல்லது விழாததுபோல் இருந்தாள்.

பெண் வீட்டு லயத்தை விசாரித்துப் போய்ச் சேர்ந்தோம். இஸ்தோப்பில் ஒரு ஆள் உட்கார்ந்து அரிவாளால் விறகைச் சிறு சிறு துண்டாகப் பிளந்துகொண்டிருந்தான். பெண்ணின் அப்பன் அவன்தான். பெண்டாட்டிக்கு விறகு உடைத்துக் கொடுக்கிறவன் என்று அந்த லயமே அவனைக் கேலி செய்யும் என்று பிற்பாடு தெரிந்தது. பெண்ணின் ஆத்தாள் வாசலுக்கு வந்தாள். நல்ல தாட்டியான பெண். கன்னத்தில் சதை இருந்தது, சிரித்தால் வாய் நிறையப் பல் இருந்தது. அவளும் நாள் தவறாமல் கொழுந்து பறிக்கிறவள்தான். விரல் நுனியில் கறுப்புக் கறை அப்படியே இருந்தது.

"வாங்க சம்பந்தியம்மா, வாங்க! இந்த வயசுல இம்புட்டு மலை ஏறி வந்திருக்கீங்களே. உள்ள வாங்க, காலை நீட்டி ஒக்காருங்க" என்று அக்காளின் கையைப் பிடித்து அழைத்துப்போனாள். என்னைப் பார்த்து, "நீங்க மாப்பிள்ளைக்குத் தங்கச்சிங்களா?" என்றாள்.

எனக்கு விளங்கிவிட்டது. அக்காளுக்கு இன்னும் விளங்கவில்லை. சம்பந்தி என்பது பெண் கேட்டு வருகிற யாருக்கும் சொல்வது என்று நினைத்தாளோ என்னவோ, தட்டை இறக்கி வைத்துவிட்டுப் பாயில் உட்கார்ந்தாள். உள்ளே இருந்து பெண் வந்தாள். முகத்தில் பயத்தோடு குனிந்து, சடாரென்று அக்காளின் காலில் விழுந்து கும்பிட்டாள்.

"வரப்போற மாமியாருகிட்ட ஆசீர்வாதம் வாங்கிக்கடி, நல்லா விழுந்து கும்புடு" என்றாள் ஆத்தாள்.

அக்காளின் கை பாதி வழியில் நின்றுவிட்டது. பிறகு மெதுவாக அந்தப் பெண்ணின் தலையில் வைத்து, "நல்லா இரும்மா" என்றாள். நான் அந்த முகத்தைப் பார்த்தேன். எனக்கு எந்த ஆஸ்பத்திரியிலும் அப்படி ஒரு முகத்தைப் பார்த்த நினைவில்லை.

"மாப்பிள்ளை ஒங்களுக்கு மூத்த புள்ளைங்களா?"

"நான் அவரு பொண்டாட்டி" என்றாள் அக்காள்.

ஆத்தாள்காரி தமாஷ் என்று நினைத்துச் சிரித்தாள். யாரும் கூடச் சிரிக்காததைக் கண்டு நிறுத்தினாள். "மூத்தவ சீக்காளி, எந்திரிச்சு நடமாட முடியாதுன்னுல தரகன் சொன்னான்?"

"சீக்கு ஒண்ணும் இல்லீங்க. பெரட்டுக்குப் போகாம இருந்ததில்ல."

"ஒங்களுக்கு என்ன வயசு ஆகுது தாயி?"

தோட்டத்தில் யாருக்குத் தன் வயது தெரியும்? இந்த மலையில் எந்தத் தேயிலை எந்த வருஷம் நட்டது என்று துரைக்குத் தெரியும். அதைப் பறிக்கிறவள் எப்போது பிறந்தாள் என்பது யாருக்கும் வேண்டாத விஷயம். "வயசெல்லாம் தெரியாதுங்க" என்றாள் அக்காள். "தேயிலைக்கு முன்ன இருந்த காப்பிச் செடியெல்லாம் நோவு வந்து செத்துச்சுல்ல, அப்ப நான் கைப்புள்ளையாம். எங்க ஆத்தா சொல்லும்."

பெண்ணின் ஆத்தாள் வாயில் கைவைத்தாள். "காப்பி சாகும்போது நான் எங்க அம்மாகூட நின்னு காப்பிப் பழம் பொறுக்கிக்கிட்டு இருந்தேனே! எனக்கு நல்லா நெனவு இருக்கே!"

வெளியே விறகு பிளக்கிற சத்தம் நின்றது. அப்பன்காரன் அரிவாளோடு வாசலில் வந்து நின்று அக்காளைப் பார்த்தான், தன் பெண்டாட்டியைப் பார்த்தான், திரும்ப அக்காளைப் பார்த்தான். கைப்பிள்ளையாக இருந்தவள் பாயில் கிழவியாக உட்கார்ந்திருந்தாள். அப்போதே பழம் பொறுக்கும் பிள்ளையாக இருந்தவள் அவள் எதிரே மகள்போல நின்றாள். அதே மலை, அதே மழை, அதே கொழுந்து.

பெண்ணின் ஆத்தாள் அக்காளின் கையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஏன் தாயி இப்பிடி ஆனீங்க?" என்று கேட்டாள். அதில் கேலி இல்லை. அக்காள் வழக்கம்போலத் தலையெழுத்து என்று ஆரம்பித்தாள். அங்கேதான் என் வாய் திறந்தது. அடுப்போரம் யார் படுக்கிறார், கதவோரம் யார், முட்டை யாருக்கு, பானையில் ஒட்டியது யாருக்கு, லேகியம், எண்ணெய் முழுக்கு, மீசைக் கரி வரைக்கும் ஒன்று விடாமல் கொட்டித் தீர்த்தேன். அக்காள் என் சேலையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தாள். புருஷன் மானம் போகிறதாம்!

பெண் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். பேச்சு முடிந்ததும், "அம்மா, நான் போகல" என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

"சில்லறைக் கங்காணின்னு சொன்னதும் ஆசப்பட்டுட்டேன்" என்றான் அப்பன்காரன், எனக்குச் சமாதானம் சொல்வதுபோல. "கல்லு மண்ணு சுமக்குறவன்னாலும் பரவால்ல, பெத்த புள்ள பத்து வருசத்துல என் முன்னால கெழவியா வந்து நிக்கக்கூடாதுங்க."

தட்டைப் பிரிக்காமலே திருப்பிக் கொடுத்தார்கள். ஆனால் சாப்பிடாமல் அனுப்ப மறுத்துவிட்டார்கள். அந்த ஆளே சோற்றைக் கொண்டுவந்து அக்காள் முன்னால் வைத்துப் பரிமாறினான். ஒரு ஆம்பளை தனக்குச் சோறு போடுவதைக் கண்டதும் அக்காள் பதறி எழுந்து நின்றுவிட்டாள். பெண்ணின் ஆத்தாள் தோளை அழுத்தி உட்கார வைக்கவேண்டியிருந்தது.

திரும்பும் வழியில் தட்டை என்னிடம் கொடுத்துவிட்டாள். ஒரு திருப்பத்தில், "அந்த ஆளு தெனமும் வெறகு ஒடைப்பாரா புள்ள?" என்று மட்டும் கேட்டாள். எனக்கென்ன தெரியும், அப்படித்தான் இருக்கும் என்றேன்.

மாலை மங்கும் நேரம் லயத்துக்கு வந்தோம். மாமன் கறுப்புக் கோட்டும் புதுக் கரி தடவிய மீசையுமாக இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தான். கூட இரண்டு குடிக் கூட்டாளிகள். சம்மதம் என்று செய்தி வருமுன்பே கொண்டாட ஆரம்பித்திருந்தார்கள். பக்கத்துக் காம்பராப் பெண்களும் சேதி கேட்க வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

"என்ன, என்னைக்கு நாள் குறிச்சிருக்காங்க?"

"பொண்ணு குடுக்க மாட்டாங்களாம்" என்றாள் அக்காள். "என்னய ஒங்க அம்மான்னு நெனச்சுட்டாங்க. அந்தப் புள்ள என் கால்ல விழுந்து கும்புட்டுச்சு."

வேறொருவனாக இருந்தால் தலை குனிந்திருப்பான். இவன் தொடையைத் தட்டிச் சிரித்தான். "கேட்டீங்களாடா? எங்கம்மாவாம்! நான் பொய்யா சொன்னேன்? கெழவியக் கட்டிக்கிட்டு மாரடிக்கிறேன்னு சொன்னா யாரு நம்புறீங்க? சரியாத்தான் சொல்லியிருக்காங்க!" கூட்டாளிகளும் சிரித்தார்கள். பக்கத்துப் பெண்களில்கூட ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவளை எனக்கு நன்றாகத் தெரியும். அவளுக்கும் முன்பல் கிடையாது.

அக்காள் உள்ளே போனாள். அடுப்போரம் அவன் உட்காரும் பலகையை இழுத்துப்போட்டு, அதன்மேல் உட்கார்ந்தாள். கல்யாணமான நாள்முதல் அந்தப் பலகையில் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"தம்பி" என்று கூப்பிட்டாள்.

யாரைக் கூப்பிடுகிறாள் என்று யாருக்கும் விளங்கவில்லை.

"ஒன்னயத்தான் தம்பி. நாந்தான் ஒன் அம்மான்னு சம்பந்தி வீடு சொல்லிருச்சு. ஊருக்கு முன்னால நீயும் ஆமான்னுட்ட. அப்ப நான் அம்மாவாவே இருந்துட்டுப் போறேன். இந்த வயசுல அம்மா தண்ணி தூக்குமா, வெறகு செமக்குமா? எந்திரிச்சுப் போயி வெறகு எடுத்துட்டு வா. அம்மாவுக்குக் கால் வலிக்குது."

அவன் வெறி பிடித்தவனாக எழுந்து கையை ஓங்கிக்கொண்டு உள்ளே வந்தான். நான் நடுவில் பாய்ந்தேன். ஆனால் அவனை நிறுத்தியது நான் இல்லை. இஸ்தோப்பில் இருந்த கூட்டாளி ஒருவன், சிரிப்பு அடங்காமல், "மச்சான், பெத்த தாயி மேல கை வைக்காதடா, பாவம் பிடிக்கும்!" என்று கத்தினான். அடுத்தவன், "அம்மாவ இஸ்தோப்புல படுக்க வைக்கப்போறானாம்டா, லயமே காறித் துப்பும்!" என்றான். இப்போது எல்லாரும் சிரித்தார்கள், சற்றுமுன் வாய் பொத்திய பெண் வாயைத் திறந்தே சிரித்தாள். சிரிப்பு பக்கத்துக் காம்பராக்களுக்கும் பரவி, ஆட்கள் வாசலுக்கு வந்து, "என்னவாம்? என்னவாம்?" என்று கேட்டார்கள். நாளைக் காலையில் பெரட்டுக் களத்தில் தன் ஆட்களே தன்னைத் தம்பி என்று கூப்பிடுவார்கள் என்பது அவனுக்கு விளங்கியது. ஓங்கிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டான்.

இப்படிப்பட்ட வீரர்களை இப்படித்தான் அடக்கவேண்டியிருக்கிறது. நியாயம் சொன்னால் கேட்கமாட்டார்கள், பிள்ளை சாகும் என்றால் கேட்கமாட்டார்கள். நாலு குடிகாரன் சிரித்தால் கேட்பார்கள். அவன் வெளியே போனான். லயத்துக் கோடியில் விறகுக் குவியல் இருந்தது. அது எந்தப் பக்கம் காய்ந்தது, எந்தப் பக்கம் ஈரம் என்றுகூட அவனுக்குத் தெரியாது.

இனி இரண்டாம் கல்யாணப் பேச்சு எழாது, அக்காளும் பிள்ளைகளும் உள்ளேதான் படுப்பார்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்லப்போனேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை, அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏ புள்ள, அந்தம்மா நெசமாவே என்னயவிட மூத்ததா?"

"ஆமாக்கா."

"எம்புட்டு மூத்தது?"

"பத்து வருசம் இருக்கும். கூடவும் இருக்கும்."

"அதுக்குப் பல்லெல்லாம் இருந்துச்சே" என்றாள்.

பிறகு முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு அழுதாள். புருஷன் வேறொருத்தியைக் கேட்டு அனுப்பியபோது அழாதவள், இஸ்தோப்பில் படுக்கச் சொன்னபோது அழாதவள், அப்போது தோள் குலுங்கக் குலுங்க அழுதாள். அவளுக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகியிருக்காது.